தசைக்குப் போட்ட ஊசியும் தள்ளிப்போகும் குழந்தையும்

கேள்வி: என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். திருமணமாகி மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. ஜிம்மில் கொடுத்த ஸ்டீராய்டு ஊசிகளைப் போட்டு உடம்பை ஏற்றியவர் அவர். விந்துப் பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று வந்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னும் கொஞ்சம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஜிம் மாஸ்டர். மாமியாரோ குறை என்னிடம்தான் என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மண்டபம்

பதில்: சகோதரி, அந்த ஊசியை உங்கள் கணவர் இனி ஒரு முறைகூடப் போட்டுக்கொள்ளக் கூடாது.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரைகளை இயக்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனோ அதைப் போன்ற ஜிம் ஸ்டீராய்டோ வந்து ரத்தத்தில் நிறைந்ததும், இனித் தேவையில்லை என்று அந்த இரண்டும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. விந்தணு உருவாவதற்கோ, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே சுரக்க வேண்டும். ஊசி அதை ஈடுகட்டாது. அதனால்தான் தோளும் மார்பும் திரண்டு வரும்போதே விரைகள் சுருங்கி, விந்தணு அற்றுப்போகிறது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. அதே மருந்தைக் குழந்தைக்காக ஏங்குபவரிடம் தீர்வாகச் சொல்வது பெருங்கொடுமை.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு உற்பத்தி திரும்புகிறது. ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் ஆகும் என்பதால் ஓரிரு மாதத்தில் பலன் தெரியாது. ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு, நெடுநாள் போட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். நிறுத்திய முதல் மாதங்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் ஆசைக் குறைவும் வரக்கூடும். அதைத் தாங்க முடியாமல் மீண்டும் ஊசிக்குப் போகிறவர்கள் உண்டு என்பதால், அந்தச் சமயத்தில் நீங்கள் அவருக்குத் துணையாக இருங்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தானே இருப்பார் என்று அதுவரை தள்ளிப்போடாதீர்கள். இப்போதே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ ஆண்மைக்குறைவு மருத்துவரையோ பாருங்கள். ஊசி போட்டதை மறைக்காமல் சொல்லி, மிச்சமிருக்கும் குப்பிகளையும் காட்ட வேண்டும். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் அளவுகளைப் பார்த்து, தேவைப்பட்டால் விரைகளை மீண்டும் இயங்கத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசியோ குளோமிஃபீன் மாத்திரையோ மருத்துவர் தருவார். விந்துப் பரிசோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

உங்களுக்கும் வழக்கமான பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. ஆனால் இப்படியொரு அறிக்கை கையில் இருக்கும்போது பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. அதைத் தன் தாயிடம் உங்கள் கணவரே எடுத்துச் சொல்ல வேண்டும்.