கரிசல் மேல் மணல், மணல் மேல் புல்

கேள்வி: புது வீட்டு முன்புறம் இரண்டு சென்ட் இடத்தில், கரிசல் மண் மேல் மூன்று அங்குலம் எம்-சாண்ட் பரப்பி கொரியன் புல் பதித்தோம். ஐப்பசி மழையில் தண்ணீர் இரண்டு நாள் நின்றது, புல் மஞ்சளாகிவிட்டது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. இன்னும் மணல் போடலாமா, இல்லை ஜிப்சம் போடலாமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: இரண்டுமே வேண்டாம், யூரியாவையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். உங்கள் புல்லுக்கு மூச்சு முட்டுகிறது. நல்ல மண்ணில் பாதி இடம்தான் மண், மீதிப் பாதி இடுக்கு. அந்த இடுக்கில் ஏறக்குறைய சரிபாதி தண்ணீரும் சரிபாதி காற்றும் இருந்தால்தான் வேர் சுவாசிக்கும். மணல் துகள் 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும், கரிசலில் நிறைந்திருக்கும் களித் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. துகள் சிறுத்தால் இடுக்கும் சிறுக்கும், சின்ன இடுக்கு தண்ணீரைப் பிடித்தால் விடாது, அப்புறம் காற்றுக்கு ஏது வழி? மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். அதனால் மழைத் தண்ணீர் உங்கள் மணலைச் சட்டென்று கடந்து கரிசல் தலையில் போய் நின்றுவிடுகிறது, மூன்று அங்குல மணலும் ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடுகிறது, புல் வேர் அந்தத் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது.

இதோடு, வீடு கட்டும்போது லாரி ஏறி இறங்கிய இடமாகவும் இருக்கும். ஈரம் காயாத ஒரு நாளில், புல்லை ஓரமாக விலக்கி மணலை ஒதுக்கிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கரிசலில் கையால் அழுத்திப் பாருங்கள். ஐந்தாறு அங்குலம் இறங்கினால் பரவாயில்லை, இரண்டு அங்குலத்திலேயே நின்றால் மண் இறுகிக் கிடக்கிறது. களிமண்ணில் ஒரு கன சென்டிமீட்டரின் உலர்ந்த எடை 1.4 கிராமைத் தாண்டினாலே வேர் திணற ஆரம்பிக்கும்.

மணலைக் கரிசலோடு கலக்கலாமே என்று பலர் சொல்வார்கள். நானும் ஒரு முறை இரண்டு கூடை கரிசலுக்கு ஒரு கூடை மணல் கலந்தேன், கோடையில் அது செங்கல் மாதிரி இறுகி, மண்வெட்டி பட்டால் பொறி பறந்தது. கலவையில் முக்கால் பங்குக்காவது மணல் இருந்தால்தான் மணலின் குணம் வரும், அதற்குக் குறைந்தால் மணல் துகள்களுக்கு நடுவே களி போய் அடைத்துக்கொள்ளும். ஜிப்சம் நல்ல பொருள்தான், ஆனால் அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு. மண் ஆய்வில் சோடியம் கூடுதல் என்று வந்தால் மட்டும் போடுங்கள்.

இரண்டு சென்ட்தானே, புல்லைப் பாய் பாயாகப் பெயர்த்து நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். மணலை வழித்தெடுத்து நடைபாதைக்கு வைத்துக்கொள்ளலாம். கரிசலை ஆறு அங்குலம் கொத்தி, இரண்டு அங்குலம் மக்கிய தொழுவுரம் பரப்பிக் கலந்துவிடுங்கள், களி பொலபொலவென்று சிறு உருண்டை கட்டுவது அந்தத் தொழுவுரத்தால்தான். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதத்தில்தான் கொத்தணும். சேறாக இருக்கும்போது கை வைத்தால் பாளம் பாளமாகிவிடும். பிறகு வீட்டிலிருந்து தெருப் பக்கம் பார்த்து 10 அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு கொடுங்கள். களிமண்ணில் தண்ணீர் கீழே போவதைவிட ஓடி வடிவதுதான் எளிது, சரிவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் மண்ணில் களி எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியும். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், சிட்டிகை சோப்புத்தூள், கழுத்து வரை தண்ணீர். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், அங்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதன் மேல் படிந்திருப்பது வண்டல் (மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய துகள்), இன்னொரு கோடு. களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், தண்ணீர் தெளிந்ததும் ஸ்கேல் வைத்து மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். மேலே மிதக்கிற சருகையும் தூசியையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.