எண்ணெய் நாட்டுல தீர்ந்துச்சா, பங்க்ல தீர்ந்துச்சா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நான் காட்பாடியில குட்டி யானை ஓட்டுறேன். போன வாரம் வாட்ஸ்அப்ல "ரெண்டு நாள்ல டீசல் நின்னுடும்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துச்சு. சாயங்காலத்துக்குள்ள எங்க ஏரியா பங்க்ல 'நோ ஸ்டாக்' போர்டு மாட்டிட்டாங்க. ரெண்டு சவாரி போச்சு. நெஜமாவே நாட்டுல எத்தன நாளைக்கு எண்ணெய் இருக்கு? (வாசகர், காட்பாடி)

பதில்: தம்பி, ரெண்டு சவாரி போனா அன்னிக்கு வீட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். பங்க்ல தரைக்கு அடியில இருக்கிற டேங்க் 20,000 லிட்டர்னு வெச்சுக்கோ. வர்ற பைக் எல்லாம் வழக்கம்போல 2 லிட்டர் போட்டா பத்தாயிரம் பைக்குக்கு வரும், அதே ஆளுங்க பயந்துபோயி 8 லிட்டர் ஃபுல் டேங்க் அடிச்சா 2,500 பைக்குலயே பங்க் டேங்க் காலி, டேங்கர் லாரி எண்ணெய் கம்பெனி டிப்போல இருந்து கிளம்பி சத்துவாச்சாரி தாண்டி வர்றதுக்குள்ள போர்டு மாட்டிடுவாங்க. டீசலுக்கும் இதே கணக்குதான். நாட்டுல எண்ணெய் குறையவே இல்ல, பங்க் டேங்க்ல இருந்தது வண்டி டேங்குக்கு மாறிடுச்சு, அவ்ளோதான். 2024 ஜனவரி தொடக்கத்துல இப்படித்தான் நடந்துச்சு. விபத்து பண்ணிட்டு ஓடிப்போற டிரைவருக்கு தண்டனைய கூட்டுற புது சட்டத்த எதிர்த்து லாரிக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, வடக்க பல ஊர்லயும் ஐதராபாத்லயும் பங்க் வாசல்ல அவ்ளோ பெரிய வரிசை. சுத்திகரிப்பு ஆலையிலயும் டிப்போவுலயும் சரக்கு இருந்துச்சு, கொண்டாந்து இறக்கத்தான் ஆளில்ல.

இப்ப உன் கேள்விக்கு வரேன். அரசாங்கம் சொல்ற கணக்கு 74 நாள். அதுல 64.5 நாள் எண்ணெய் கம்பெனிங்களோட டேங்க்குங்க, மீதி 9.5 நாள் அவசரத்துக்குன்னு பாறையக் குடைஞ்சு கட்டின கிடங்குங்க. விசாகப்பட்டினத்துல 13.3 லட்சம் டன், மங்களூர்ல 15 லட்சம், உடுப்பி பக்கம் பாதூர்ல 25 லட்சம் டன் பிடிக்கும். சுத்தி இருக்கிற நிலத்தடி தண்ணியோட அழுத்தமே எண்ணெய வெளிய கசிய விடாம புடிச்சு வெச்சிருக்கு, நம்ம வேலூர் மொட்டப் பாறை மலைங்கள பாக்கறப்பெல்லாம் எனக்கு இந்த வேலைதான் ஞாபகம் வரும். 2020 ஏப்ரல், மே மாசத்துல கொரோனாவால உலகமே நின்னுபோயி விலை விழுந்தப்ப பேரல் சுமார் 19 டாலர்னு வாங்கி இதுங்கள நிரப்புனாங்க, 5,000 கோடி ரூபா மிச்சம்னு அரசாங்கமே சொல்லிச்சு. நல்ல வேலை அது.

ஆனா ஒண்ணு கவனி. 74 நாள்ங்கிறது கொள்ளளவு, இன்னிக்கு உள்ள இருக்கிற சரக்கு இல்ல, குடம் பெருசுன்னா தண்ணி நிறைய இருக்குன்னு அர்த்தமில்லயே. அந்த 9.5 நாளும் 2019-20ல நாட்டுல எரிச்ச எண்ணெய் அளவ வெச்சுப் போட்டது, அதுக்கப்புறம் அந்த அளவு ஏறிப்போச்சு, அப்ப நாள் கொறையத்தானே செய்யும். நாம சுத்திகரிக்கிற கச்சா எண்ணெய்ல 85 சதவீதத்துக்கு மேல கப்பல்ல வர்றது, அதனால ஒடிசா சண்டிகோல்ல 40 லட்சம் டன், பாதூர்ல இன்னும் 25 லட்சம்னு 2021லயே ஒப்புதல் குடுத்த ரெண்டாவது கட்டத்த சீக்கிரம் முடிக்கணும்னு நான் மனசார ஆசப்படுறேன்.

கேள்வி: ஜூலை, ஆகஸ்ட்ல டீசல் விற்பனை குறைஞ்சுதுன்னு வருஷா வருஷம் பேப்பர்ல போடறாங்க. எங்க டிராக்டர் ஓடிக்கிட்டுதானே இருக்கு? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: ஐயா, அது நாடு முழுசுக்குமான கணக்கு. தென்மேற்குப் பருவமழை வந்தா வடக்க டீசல் இஞ்சின் வெச்சு தண்ணி இறைக்கிறது நின்னுடும், ரோடு வேலை கட்டட வேலை படுத்துடும், லாரி ஓட்டமும் கம்மி. அப்புறம் தீபாவளி சரக்கு கிளம்பினதும் ஏறிடும். தமிழ்நாட்டுக்கு மொத்தத்துல பெரிய மழை ஐப்பசி கார்த்திகையிலதான், அதனால உங்க கண்ணுக்கு அது தெரியாது.

கேள்வி: அமெரிக்காவுல எண்ணெய் ஸ்டாக் ஏறுச்சுன்னா இங்க டிவியில ஏன் சொல்றாங்க? (கல்லூரி மாணவி, குடியாத்தம்)

பதில்: 1973ல அரபு நாடுங்க எண்ணெய நிறுத்தினதும் அமெரிக்காக்காரங்க பட்ட பாடு கொஞ்சமில்லம்மா, 1975ல சட்டம் போட்டு டெக்சாஸ், லூசியானாவுல உப்புப் படிவத்துக்குள்ள சேமிக்க ஆரம்பிச்சாங்க. கம்பெனிங்க கையில கச்சா எவ்ளோ, பெட்ரோல் எவ்ளோ, டீசல் எவ்ளோன்னு வழக்கமா புதன்கிழமை அவங்க அரசாங்கமே வெளியிடும், இங்க ராத்திரி 8, 9 மணி இருக்கும். ஸ்டாக் எதிர்பார்த்தத விட ஏறினா சரக்கு தேங்குதுன்னு உலக விலை இறங்கப் பாக்கும், குறைஞ்சா ஏறும். நம்ம நாட்டுல விற்பனைக் கணக்கு மாசாமாசம் வருது, இருப்புக் கணக்கு அது மாதிரி வாராவாரம் ஜனங்க கைக்கு வர்றதில்ல. வந்துச்சுன்னா காட்பாடி தம்பி அந்த வாய்ஸ் மெசேஜ கேட்டதும் போன்லயே நம்பர பாத்துட்டு சவாரிக்குப் போயிருப்பாரு.