பீம் மேல் பூச்சு நிற்கவில்லையா? கெமிக்கலுக்கு முன் உளியை எடுங்கள்

கேள்வி: திருச்சியில் வீடு கட்டுகிறோம். செங்கல் சுவரில் பூச்சு கெட்டியாக இருக்கிறது. தூண், பீம் மேல் மட்டும் தட்டினால் ‘டொப் டொப்’ என்கிறது. பெயர்த்துவிட்டு, ஒட்டும் கெமிக்கல் அடித்துப் பூசினால் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா?

பதில்: போதாது. செங்கல் தண்ணீரை இழுக்கும், கலவை பிடித்துக்கொள்ளும். பிளைவுட், இரும்புத் தகடு வைத்துப் போட்ட கான்கிரீட்டோ வழவழவென்று இருக்கும். மேலே சென்ட்ரிங் (கான்கிரீட் போடும் அச்சு) ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

பழைய பூச்சை முழுக்கப் பெயர்த்ததும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். அப்புறம் கூர் உளியும் சுத்தியலும். சுமார் 3 மி.மீ. ஆழத்தில், அங்குலத்துக்கு ஒரு குழி என்று முகம் முழுக்கக் கொத்த வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிவிட்டு ‘கொத்தியாச்சு சார்’ என்பார்கள், நம்பாதீர்கள். கொத்திய தூசியைக் கழுவி, ஈரம் காயும் முன் பூச வேண்டும்.

கெமிக்கல் கெட்டதல்ல. எஸ்.பி.ஆர். (செயற்கை ரப்பர் பால்) வகை என்றால் சிமென்ட்டோடு குழைத்துத் தடவி, பிசுபிசுப்பு இருக்கும்போதே பூசிவிட வேண்டும். நம் ஆட்கள் காலையில் அடித்துவிட்டு, சாப்பிட்டு வந்து பூசுவார்கள். அதற்குள் அது காய்ந்து வழுக்குப் படலமாகிவிடும். கெமிக்கல் இல்லாமல் சும்மா பூசியிருந்தால்கூடத் தேவலை. கடைக்காரர் சிபாரிசு செய்யும் டப்பாவுக்குப் பின்னால் மேஸ்திரிக்குக் கமிஷன் இருப்பதும் உண்டு, விசாரித்து வாங்குங்கள்.

ஒரே ஒரு விலக்கு: சன்ஷேடு. அதன் கனமே மூன்று அங்குலம்தான். கம்பி மேல்பக்கம் ஓடுகிறது. மேலே ஓங்கி அடித்தால் உளி கம்பி வரை போய்விடும், தண்ணீர் இறங்கித் துரு ஏறும். விளிம்பிலும் அடிக்கக் கூடாது, துண்டாகப் பெயரும். கொத்தும் மெஷினைக் கிட்டவே விடாதீர்கள். சின்ன சுத்தியலால் லேசாகப் பொளிந்தால் போதும். கம்பி தெரிந்தாலோ துருக்கறை இருந்தாலோ நிறுத்திவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

பீமும் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்க மறக்க வேண்டாம்.

சென்ட்ரிங் பிரித்த கையோடு கொத்தியிருந்தால் பாதி உழைப்புதான். ஆனால் சதுர அடி கான்ட்ராக்டில் கொத்துவதற்கென்று யார் கூலி எழுதுகிறார்கள்? சென்ட்ரிங்காரர் பூச்சுக்காரரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். கூலியைத் தனியாகப் பேசி எழுதி வாங்குங்கள்; கொத்திய பீமை நீங்களே கையால் தடவிப் பார்த்த பிறகு கலவை போடச் சொல்லுங்கள்.