பழைய போர்டின் ஈப்ராம், ஜிஏஎல் ஐசிகளை நகலெடுப்பது எப்படி?

கேள்வி: பழைய நெசவு இயந்திரங்களின் கட்டுப்பாட்டு போர்டுகளைப் பழுது பார்த்து வருகிறேன். 1990 வாக்கில் வந்த ஒரு போர்டில் கண்ணாடிச் சாளரம் கொண்ட 27சி256 என்னும் ஈப்ராம் (நிரலைச் சேமித்து வைக்கும் நினைவக ஐசி), ஒரு ஜிஏஎல் 16வி8 (லாஜிக் சுற்றை எழுதி வைக்கும் ஐசி) ஆகியவை உள்ளன. இயந்திரம் அவ்வப்போது தானாக நின்றுவிடுகிறது. 27சி256-இல் இருந்ததை அப்படியே 28சி256 என்னும், மின்சாரத்தால் அழித்து எழுதும் நினைவக ஐசியில் எழுதிப் பொருத்தினேன். போர்டு இயங்கவே இல்லை. நகலில் பிழையா? ஜிஏஎல்-ஐயும் நகலெடுக்க முடியுமா?

பதில்: போர்டு அடியோடு இயங்காததற்குக் காரணம் நகல் அல்ல, பின்களின் (ஐசியின் இணைப்புக் கால்களின்) அமைப்பு. இரண்டும் 28 பின் கொண்டவை, இரண்டும் 32 கிலோபைட் கொள்பவை. ஆனாலும் இரண்டு பின்களில் வேறுபடுகின்றன. 27சி256-இல் 1ஆம் பின் எழுதுவதற்கான மின்னழுத்தத்துக்கு உரியது. பெரும்பாலான போர்டுகளில் அதை 5 வோல்ட்டுடன் இணைத்திருப்பார்கள். 27ஆம் பின் ஏ14 என்னும் முகவரிக் கோடு. 28சி256-இல் ஏ14 முதல் பின்னுக்குப் போய்விட, 27ஆம் பின்னில் எழுதுவதற்கான கட்டளைக் கோடு இருக்கிறது. ஆகவே செயலி எந்த முகவரியைக் கேட்டாலும் நினைவகத்தின் மேல் பாதியே கிடைக்கும்; அத்துடன் ஏ14 தாழும்போதெல்லாம் எழுதச் சொல்லும் சைகை போவதால், உள்ளிருக்கும் தரவே கெட்டிருக்கவும் கூடும். பொருத்தமான மாற்று இன்னொரு 27சி256, அல்லது மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய விண்பாண்ட் டபிள்யூ27சி512. பின்னதில் 1ஆம் பின் ஏ15 என்பதால், அது 5 வோல்ட்டில் நிற்கும் போர்டில் மேல் பாதிதான் படிக்கப்படும். 32 கிலோபைட் கோப்பை இரு பாதிகளிலும் எழுதிவிட்டால் சிக்கல் இராது.

இயந்திரம் இடையிடையே நிற்பதுதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. வற்றிப்போன கெப்பாசிட்டரும் அதற்குக் காரணமாகலாம் என்றாலும், நான் முதலில் சந்தேகிப்பது ஈப்ராமைத்தான். இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கி 1971-இல் வெளிவந்த இந்த வகையில், ஒவ்வொரு பிட்டுக்கும் உள்ள டிரான்சிஸ்டரில், எதனோடும் இணையாமல் ஆக்சைடு படலத்துக்குள் அடைபட்ட ஒரு கேட் (மின்முனை) உண்டு. எழுதும்போது உயர் மின்னழுத்தம் எலக்ட்ரான்களை அதற்குள் தள்ளுகிறது. எலக்ட்ரான் புகுந்த செல் 0, புகாதது 1. சாளரத்தின் வழியே புற ஊதா ஒளி பட்டால் அவை வெளியேறிவிடும். அழிப்பு விளக்கின் கீழ் இதற்கு 20 நிமிடம் போதும். நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரமும், குழல் விளக்கு வெளிச்சத்தில் சுமார் 3 ஆண்டுகளும் ஆகும் என்று தரவுத்தாள்கள் சொல்கின்றன. ஆகவே சாளரத்தின் மேல் ஒட்டிய தாள் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தாள் சரியாக இருந்தாலும், 30 ஆண்டுக் காலத்தில் மின்னேற்றம் மெல்லக் கசிந்திருக்கலாம். அரைகுறையாகக் கசிந்த செல் ஒருமுறை 0 என்றும் மறுமுறை 1 என்றும் படிக்கும். எனவே ஐசியைப் பலமுறை படித்து, ஒவ்வொரு முறையும் செக்சத்தை (தரவு முழுவதையும் கூட்டிப் பெறும் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிடுங்கள். அது மாறிக்கொண்டே இருந்தால், புரோகிராமரில் (ஐசியைப் படித்து எழுதும் கருவியில்) மின்னழுத்தத்தை 4.5 வோல்ட்டுக்கோ இன்னும் சற்றுக் கீழாகவோ குறைத்துப் படியுங்கள். செல்லைப் படிக்க மின்னழுத்தம் கொடுக்கும் மற்றொரு கேட்டில் அழுத்தம் குறையும்போது, மின்னேற்றம் குறைந்த செல்லும் மின்னோட்டத்தைக் கடத்தாமல் இருப்பதால், பழைய 0 பெரும்பாலும் சரியாகவே கிடைத்துவிடும்.

ஜிஏஎல் வேறு இனம். அதில் செயலி படிக்கும் நிரல் கிடையாது. லாஜிக் சுற்றின் இணைப்புகளே எழுதப்பட்டிருக்கும். 16வி8-இல் 64 அண்ட் கேட்டுகளும் (எல்லா உள்ளீடும் 1 ஆனால் மட்டுமே 1 தரும் லாஜிக் சுற்றுகளும்) 32 உள்ளீட்டுக் கோடுகளும் சந்திக்கும் 2048 இடங்களில் எவை இணைய வேண்டும் என்பதே அந்தத் தரவு. அது மின்சாரத்தால் அழிக்கும் செல்களில் இருப்பதால் வெளிச்சத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. இதே போல லாஜிக்கை எழுதி வைக்கும் பெரிய ஐசிகளான எஃப்பிஜிஏக்களில் பெரும்பாலானவற்றில் இந்தத் தரவு மின்சாரம் நின்றதும் அழிந்து, ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள சீரியல் மெமரியிலிருந்து ஏற்றப்படுகிறது. அத்தகைய போர்டு கைக்கு வந்தால் நீங்கள் படிக்க வேண்டியது அந்தச் சிறு ஐசியை.

ஜிஏஎல்-இன் தொல்லை பாதுகாப்பு பிட். தயாரிப்பாளர் அதை இட்டிருந்தால், படித்து வரும் கோப்பில் உண்மையான தரவு இராது. அந்த பிட்டை நீக்க ஐசி முழுவதையும் அழித்தே ஆக வேண்டும் என்பதால் அந்த வழியில் போகவே கூடாது. பிட் இடப்படவில்லை என்றால், கோப்பை அதற்கு இணையான ஏடிஎஃப்16வி8 ஐசியில் எழுதிப் பயன்படுத்தலாம். இட்டிருந்தால், உள்ளே ரெஜிஸ்டர் (முந்தைய நிலையை நினைவில் வைக்கும் சுற்று) பயன்படுத்தப்படாத பட்சத்தில், உள்ளீடுகளின் எல்லாச் சேர்க்கைகளையும் கொடுத்து வெளியீடுகளைப் பதிவு செய்து சமன்பாடுகளை மீட்கலாம். 16 உள்ளீடுகள் என்றாலும் 65,536 சேர்க்கைகள்தாம், ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் அதைச் சில நொடிகளில் முடித்துவிடும். ரெஜிஸ்டர் இருந்தால் வெளியீடு முந்தைய நிலையையும் சார்ந்திருக்கும் என்பதால், போர்டின் சுற்றைத் தடம் பிடித்து அந்த லாஜிக்கைப் புதிதாக எழுதுவதே நடைமுறையில் எளிது.