பலகையிலிருந்து பிறந்த வங்கி

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகள், ஆற்றின் கரைக்கும் பணம் போடும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்று ஒரே சொல் ஏன் என்று கேட்கிறாள். இவை வேறு வேறு சொற்கள் தற்செயலாக ஒன்றுபோல் ஒலிப்பவையா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தற்செயல் அல்ல, உங்கள் மகளின் ஐயம் மிக நியாயமானது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்து, வெவ்வேறு வழிகளில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தவை. பழைய ஜெர்மானிய மொழிகளில் அந்த வேர்ச்சொல், தரையிலிருந்து சற்றே உயர்ந்து நீண்டு கிடப்பதைக் குறித்தது. மண் அப்படி உயர்ந்து கிடந்தால் அது கரை. மரப்பலகை அப்படிக் கிடந்தால் அது உட்காரும் இருக்கை. கரையைக் குறிக்கும் சொல் ஸ்காண்டிநேவியரின் பேச்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. இருக்கையைக் குறிக்கும் ‘பெஞ்ச்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல்.

பணத்தைக் குறிக்கும் சொல் மட்டும் இத்தாலியைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஜெர்மானியரின் பலகை இத்தாலிய மொழியில் ‘பாங்கா’ ஆயிற்று. இடைக்கால பிளாரன்சு நகரில் காசு மாற்றுவோர் தெருவோரம் ஒரு பலகையை இட்டு, அதன்மேல் துணி விரித்து, ஒரு பக்கம் காசுப்பையும் மறுபக்கம் கணக்கேடுமாக அமர்ந்திருப்பார்கள். வெளியூர் வணிகர் தம் நாணயத்தை அந்தத் துணியின்மேல் வைத்தால், அதை எடை பார்த்து உள்ளூர் நாணயமாக மாற்றித் தருவார்கள். தொழில் வளர்ந்து, கடன் கொடுப்பதும் வைப்புத்தொகை வாங்குவதுமாக விரிந்த பிறகும் பலகையின் பெயர் நிலைத்துவிட்டது. 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கப்பட்டபோது அது ஆங்கிலத்தில் நன்றாகவே வேரூன்றியிருந்தது. 1937இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் பெர்னார்ட் ஃபாண்டஸ் என்ற மருத்துவர் குருதியைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ‘பிளட் பேங்க்’ என்று பெயரிட்டதும் இதன் தொடர்ச்சியே.

கடனை அடைக்க முடியாத நிலையைக் குறிக்கும் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லும், ‘உடைந்த பலகை’ என்று பொருள்படும் ‘பாங்கா ரோட்டா’ என்ற இத்தாலியத் தொடரிலிருந்து வந்ததே. கடனாளியின் பலகையை ஊரார் உண்மையாகவே அடித்து உடைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை இல்லாமலே சொல் விளங்குகிறது என்பது என் கருத்து. ‘வியாபாரம் படுத்துவிட்டது’ என்று நாம் சொல்லும்போது எதுவும் தரையில் படுப்பதில்லை அல்லவா?

தமிழருக்கு இந்த வேர் எவ்வளவு நெருக்கம் என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். வகுப்பறையில் அவள் உட்காரும் பெஞ்சு ஆங்கிலேயர் வழியாக வந்தது. யாழ்ப்பாணத்தில் அதே இருக்கையை ‘வாங்கு’ என்பார்கள். அது போர்த்துக்கீசியரின் ‘பாங்கோ’. கடனில் மூழ்கி நொடித்துப்போவதை இலங்கைத் தமிழ் நாளேடுகள் இன்றும் ‘வங்குரோத்து’ என்றே எழுதுகின்றன. இது அந்த உடைந்த பலகைதான், ஒல்லாந்தரின் ‘பங்க்ரூட்’ என்ற உருவில் கரையேறியது. ‘வங்கி’ என்பதோ ‘பேங்க்’ என்ற ஒலியை ஒட்டித் தமிழில் அமைந்த வடிவம். பெஞ்சு, வாங்கு, வங்குரோத்து, வங்கி ஆகிய நான்கும் உடன்பிறப்புகள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பளிக்கிறது.

கேள்வி: அப்படியானால் பெண்கள் மேற்கையில் அணியும் வங்கிக்கும் இதற்கும் உறவு உண்டா?
– அதே வாசகி

பதில்: இல்லை. தோளுக்குக் கீழே கோணலாக வளைந்து பொருந்தும் அந்த அணிகலனின் பெயர் நம் நாட்டிலேயே பிறந்தது. ஒலி மட்டும்தான் ஒன்று. நீங்கள் முதலில் கேட்ட ‘தற்செயல்’ இந்த இணைக்குத்தான் பொருந்தும்.