பாத்திரத்துக்கு ஊர் எரிந்தால் மட்டும் போதாது

"ஒரு பேன்டஸி றோல்பிளே சேர்வரில் புதிதாகச் சேர்ந்தேன். யாரும் என்னோடு சீன் எழுத வருகிறார்கள் இல்லை. நான் மரியாதை இல்லாமல் விளையாடுகிறேனாம். இவர்கள் எதை மரியாதை என்கிறார்கள்? என் பாத்திரத்தை எப்படி வளர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியா என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள், வயது போடவில்லை. தம்பி என்றே நினைத்து எழுதுகிறேன். வயதில் மூத்தவர் என்றால் குறை நினைக்க வேண்டாம்.

உங்கள் பாத்திரத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அநேகமாக அவன் தனியனாகத் திரியும் ஒரு வீரன். ஊரை அரக்கர்கள் எரித்துவிட்டார்கள், தாய் தகப்பன் இல்லை, பழிவாங்க அலைகிறான், யாரோடும் அதிகம் கதைக்க மாட்டான். புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படியொருவனைத்தான் கொண்டுவருகிறார்கள். அது பிழை என்று நான் சொல்லவில்லை. அந்த எரிந்த ஊர் விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மரியாதை. இந்த விளையாட்டில் படம் இல்லை, துவக்கு இல்லை, புள்ளி இல்லை. டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒருவர் தன் பாத்திரம் சொல்வதையும் செய்வதையும் எழுதுவார், அடுத்தவர் தன்னுடையதை எழுதுவார். உலகத்தையும் மழையையும் பேயையும் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் எழுதுவார். சண்டை வந்தால் இருபது பக்கப் பகடையை ஒரு பொட், அதாவது தானாக இயங்கும் ஒரு நிரல், உருட்டும். டிஸ்கோர்ட் வந்தது 2015இல்தான், ஆனால் பழக்கம் பழையது. 1978இலேயே இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் எழுத்தாலேயே ஆன ஓர் உலகத்தைக் கணினியில் எழுதத் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் அவரோடு சேர்ந்தார். அதே பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரையில், இப்படியான உலகங்களுக்கு வருகிறவர்களை நாலு விதமாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், தேடிப்பார்க்க வருபவர், ஆட்களோடு பழக வருபவர், மற்றவரை வீழ்த்த வருபவர். நீங்கள் வெல்ல வந்திருக்கிறீர்கள், அங்கே இருப்பவர்கள் கதைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்களோடு சீன் போட வராததற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான். உங்களில் அவர்களுக்குக் கோபம் இருக்காது.

ஓர் உதாரணம். என் பாத்திரம் ஓர்னா, ஒரு குள்ளர் இனக் கிழவி. ஒரு சீனில் நான் எழுதியது இது: "ஓர்னா மதகுச் சாவியைக் கல்லின் மேல் வைத்தாள். கையை எடுக்கவில்லை." அதற்குப் புதிதாக வந்த ஒருவர் எழுதினார்: "நான் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டேன். கிழவி கீழே விழுந்தாள்." என் பாத்திரம் விழுந்தாளா, பிடித்தாளா, கத்தினாளா என்பதை நான்தானே எழுத வேண்டும்? இதைத்தான் பவர்கேமிங் என்கிறார்கள். அவர் "சாவியைப் பறிக்கக் கை நீட்டுகிறேன்" என்று எழுதியிருந்தால் போதும். அந்த வசனம் முடியும் இடத்தில் எனக்கு ஒரு வழி திறந்திருக்கும். நான் கை எடுக்கவில்லை என்று எழுதியதும் அவருக்கு அப்படியொரு வழி திறந்து வைக்கத்தான். நீங்கள் போன கிழமை எழுதிய வசனங்களை ஒருக்கால் திருப்பி வாசித்துப் பாருங்கள். எத்தனை இடத்தில் அடுத்தவருடைய கையையும் காலையும் நீங்கள் ஆட்டியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

மற்றது மெட்டாகேமிங். நீங்கள் சேர்வரின் வேறு சனலில், அதாவது வேறொரு அரட்டை அறையில், வாசித்ததை உங்கள் பாத்திரம் தெரிந்துவைத்திருக்கக் கூடாது. ஓர்னா இரவில் களவாக மதகு திறந்த சீனில் அவளும் கேம் மாஸ்டரின் ஒரு காவல்நாயும் மட்டும்தான். அடுத்தநாள் ஒருவர் வந்து "களவாணி, தண்ணி எங்கே?" என்று எழுதினார். சண்டை பிடிக்காமல், பாத்திரத்துக்கு வெளியே பேசுகிறோம் என்று காட்டும் இரட்டை அடைப்புக்குறிக்குள் "உங்கள் பாத்திரத்துக்கு இது எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் தன் வரியை அழித்துவிட்டு, ஈரமாய்க் கிடந்த வாய்க்காலைப் பார்த்துச் சந்தேகப்படுவதாக மாற்றி எழுதினார். அந்தச் சந்தேகம் மாதக்கணக்கில் ஓடியது. உடனே பிடித்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

பாத்திரமும் ஆளும் வேறு என்பது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. என் பெரியப்பா முள்ளியவளையில் கோவலன் கூத்தில் பொற்கொல்லனாக ஆடியவர். களரியில் சனம் அவரைத் திட்டித் தீர்க்கும். விடிய அதே சனம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து "அண்ணை, நல்லா ஆடினியள்" என்று சொல்லும். யாரும் அவரிடம் சிலம்பு எங்கே என்று கேட்டதில்லை. அவரும் களரியில் கோவலனோடு பகை என்றால், இறங்கியபின் கோவலனாக ஆடியவரின் சைக்கிளில்தான் வீட்டுக்கு வருவார். சேர்வரில் உங்கள் பாத்திரத்தை ஒருவர் அவமதித்தால் அந்த நினைவோடு பதில் எழுதுங்கள்.

இனி ஓர்னா. அவள் மலைக்குள் இருக்கும் ஓர் ஏரியின் மதகு காப்பவள். அவளிடம் வாள் இல்லை, மந்திரம் இல்லை. எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்துத் திறப்பதுதான் தொழில். எங்கள் வீடு கிளிநொச்சியின் வட்டக்கச்சி, அப்பாவின் காணி இரணைமடுக் குளத்தின் கீழ். காலபோகத்துக்கு மழை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கமக்காரர் அமைப்புகள் கூடிக் கதைத்துத்தான் முடிவெடுக்கும். அந்தக் கூட்டங்களில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போனதைக் கண்டு வளர்ந்தவள் நான். (இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது பற்றிய வாதத்தை யாரும் இதற்குள் இழுக்க வேண்டாம். அதற்கு நான் இங்கே பதில் சொல்லப்போவதில்லை.) ஆகவே தண்ணீரை வைத்து ஒரு பாத்திரம் செய்ய எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. இளவரசர்களும் டிராகன் இரத்தம் ஓடுபவர்களும் நிறைந்த சேர்வரில், தினமும் யாராவது ஒருவர் மதகுக் கிழவியிடம் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் தண்ணீர் தேவை. அவளோடு சீன் போட ஆள் தேடி நான் அலைந்ததில்லை. உங்கள் பாத்திரத்தை வடிவமைக்கும்போது "இவன் எவ்வளவு பலசாலி" என்பதை விட்டுவிட்டு, "மற்றவர்களுக்கு இவனிடம் என்ன தேவை" என்று கேளுங்கள்.

அவள் வளர்ந்தது ஒரே ஒரு முடிவால். "முறை எண்டால் முறைதான்" என்று இருந்தவள். கேம் மாஸ்டர் வரட்சி கொண்டுவந்தார். பகை ஊரின் நாற்று வாடியது. அவர்களுடைய முறை இன்னும் வரவில்லை. அந்த ஊர்ப் பாத்திரம் ஒன்று வந்து கெஞ்சவில்லை, ஒரு பிடி நாற்றை மதகில் வைத்துவிட்டுப் போனது. அன்றிரவு அவள் திறந்தாள். அதற்கு விலை இருந்தது: சாவி பறிபோனது, சொந்த மகன் கதைப்பதை விட்டான். விலை இல்லாமல் மாறுகிற பாத்திரத்தை யாரும் நம்ப மாட்டார்கள். லெவல் ஏறுவதும் வாள் மாறுவதும் வளர்ச்சி ஆகாது.

குள்ளர்களுக்கு ஏரித் தண்ணீரில் விளக்கெரிக்கும் ஒரு திருவிழாவையும் எழுதியிருந்தேன். எவ்வளவு அழகான கற்பனை என்று எழுதியவருக்கு வற்றாப்பளை அம்மன் பொங்கலைப் பற்றிச் சொன்னேன். முல்லைத்தீவுக் கடலில் எடுக்கும் உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பது எங்களிடம் ஒவ்வொரு வைகாசியும் நடப்பது. எனக்கு அது பெருமைதான், மறைக்க மாட்டேன்.

எரிந்த ஊருக்கு வருகிறேன். போலந்துக்காரர் ஒருவர் தன் எல்ஃப் இன வீரனின் ஊர் எரியும் சீனை எல்லாரும் சேர்ந்து எழுதலாம் என்றார். இன்னொருவர் நான் போர் நடந்த இலங்கையைச் சேர்ந்தவள் என்று அறிந்து, "நீங்கள் எழுதினால் உண்மையாக இருக்குமே" என்றார். அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கவே கூடாது. யார் யாருடைய வீட்டில் என்ன நடந்தது என்று திரைக்கு இந்தப் பக்கம் இருந்து யாருக்குத் தெரியும்? நான் எழுதினேன்: "பிள்ளைகள் ஓடும் பகுதியை விட்டுவிடுவோம்." கேம் மாஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வரியிலேயே காட்சியை மறுநாள் காலைக்கு நகர்த்திவிட்டார். நேரில் மேசையைச் சுற்றி இருந்து விளையாடுபவர்கள் இதற்கென்று எக்ஸ் கார்ட் வைத்திருக்கிறார்கள், ஜோன் ஸ்டாவ்ரோபொலஸ் என்பவர் உருவாக்கியது. கார்டைத் தொட்டால் அந்த விஷயம் கதையிலிருந்து போய்விடும். தொட்டவர் விளக்கம் சொல்லத் தேவையில்லை. உங்கள் சேர்வரில் அப்படியொன்று இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். மற்றவர் பயன்படுத்தினால் துருவாதீர்கள். நான் அறிந்த மரியாதைகளில் இதுதான் பெரியது.

அந்தப் போலந்துக்காரர் பிறகு தனியே வந்து மன்னிப்புக் கேட்டு, தன் எல்ஃப் ஏன் உயிரில்லாமல் இருக்கிறான் என்று கேட்டார். அவன் வீட்டிலிருந்து என்ன எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான் என்று நான் கேட்டேன். அவர் அதை யோசிக்கவேயில்லை. 2008 மாரியில் சண்டை நெருங்கி நாங்கள் வட்டக்கச்சியால் வெளிக்கிட்டபோது எனக்குப் பத்து வயது. அம்மா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கால் சுற்றி, சைக்கிள் கரியரில் ரியூப்பால் கட்டினா. காலையும் பலகையையும் விட்டுவிட்டா. பக்கத்து வீட்டு ஐயா கூரைத் தகரத்தைக் கழற்றி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றினார். அந்தத் தலை, சனம் கடைசியில் ஒதுங்கிய மாத்தளன் கடற்கரை வரை வந்து சேரவில்லை. மெனிக்பாம் முகாமால் ஊர் திரும்பியபின் அம்மா முதல் முதல் வாங்கியது கட்டில் இல்லை, கதிரை இல்லை, பழைய மெஷின் ஒன்று. பழிவாங்குவது பற்றி வீட்டில் ஒரு நாளும் கதைத்ததில்லை. தண்ணி எங்கே அள்ளுவது, பிள்ளையள் எந்தப் பள்ளிக்கூடம் போறது என்றுதான் கதைத்தார்கள்.

இதில் அவருக்குச் சொன்னது கொஞ்சம்தான், மெஷின் தலை வரைக்கும். அவர் தன் எல்ஃபின் தோள்பையில் தறியின் ஓடம் ஒன்றை வைத்தார். நெய்யத் தெரியாத வீரன், தாயின் ஓடத்தைச் சுமக்கிறான். போகும் ஊரெல்லாம் தறி இருக்கும் வீட்டு வாசலில் நிற்கிறான். வாளை எடுப்பதே குறைந்துபோனது. அவனோடு சீன் போட இப்போது வரிசை.

இதை வாசித்துவிட்டு "இவ்வளவு பட்டும் விளையாட்டா?" என்று கேட்க வருபவர்கள் இருக்கிறார்கள். நேரம் மினக்கெடுத்தும் வேலை என்றும் சொல்வார்கள். பகல் முழுக்க அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன். இரவில் எழுதுவது என் சொந்த நேரம். எங்கள் இழப்பைக் கதையாக்கி விற்கிறாள் என்று யாரும் சொல்லவும் வேண்டாம். விற்காமல் விட்டதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

உண்மையில் நேரத்தையும் காசையும் தின்றது இங்கிலீஸ் வகுப்பு. எங்கள் பள்ளிக்கு வந்த இங்கிலீஸ் ரீச்சர்மார் ஒருவருக்குப் பின் ஒருவராக இடமாற்றம் எடுத்துப் போனார்கள். சரி என்று ரவுணில் பெரிய பனர் கட்டியிருந்த ஒரு ஸ்போக்கன் இங்கிலீஸ் வகுப்புக்கு அம்மா தைத்த காசைக் கட்டினோம். குட் மோர்னிங், ஹவ் ஆர் யூ, பிறகு ஒரு சான்றிதழ், அதோடு சேர்ந்து எடுத்த படம். அந்தப் படத்தை அடுத்த வருட பனரில் போட்டார்கள், எங்களைக் கேட்கவும் இல்லை. வன்னிப் பிள்ளைகளின் ஏக்கத்தில் கட்டணம் வாங்கும் இந்த வியாபாரத்தை யாராவது கேள்வி கேட்க வேண்டும். எனக்கு இங்கிலீஸ் எழுத வந்தது சேர்வரில்தான், ஓர்னாவின் கோபத்தை எழுதி எழுதி. எழுத்துப்பிழைக்கு அங்கே யாரும் சிரித்ததில்லை. உங்கள் இங்கிலீஸைப் பார்த்து யாராவது சிரித்தால் அந்த சேர்வரை விட்டு வாருங்கள்.

கடைசியாக, நேரம். இங்கிலாந்துக்காரர் இரவு எட்டு மணிக்குக் கூடினால் எங்களுக்குக் கோடையில் 12.30, மாரியில் 1.30. உடனுக்குடன் ஓடும் சீன்களை வெள்ளி சனிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை ஆறுதலாக எழுதும் சனலில் வையுங்கள். காணாமல் போவதென்றால் சொல்லிவிட்டுப் போங்கள், உங்கள் வரிக்காக இன்னொருவர் காத்திருக்கிறார். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணித்தியாலம் வரை நின்ற நாட்களில், போனில் சார்ஜ் இருக்கும்போதே ஒரு வரி போட்டேன். கேம் மாஸ்டர் ஓர்னாவைக் கல்லுறக்கத்தில் போட்டுவிட்டார், ஒருவருடைய கதையும் குழம்பவில்லை.

உங்கள் பாத்திரத்தின் அறிமுகத்தைக் கீழே போடுங்கள், வாசித்துச் சொல்கிறேன். சிறுபோக நெல் ஆலைக்கு வரத் தொடங்கிவிட்டது, பதில் கொஞ்சம் சுணங்கும். இரண்டு பந்திக்கு மேல் வேண்டாம், அவன் வீட்டிலிருந்து என்ன எடுத்தான் என்பது அதில் இருக்கட்டும்.