உருளைக்கிழங்குக்கு மைக்கோரைசா வாங்கலாமா? கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, தாளவாடிப் பகுதியில் இரண்டு ஏக்கரில் உருளைக்கிழங்கு நடவிருக்கிறோம். சென்ற போகம் அதே காட்டில் முட்டைக்கோஸ் வைத்திருந்தோம். உரக்கடைக்காரர் மைக்கோரைசா குருணை என்று ஒரு பையைக் காட்டி, இதைப் போட்டால் டி.ஏ.பி. உரம் பாதி போதும், மகசூலும் கூடும் என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் நிலத்துக்கு வாங்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக அல்ல, நீங்கள் சென்ற போகம் வைத்த முட்டைக்கோஸுக்காக. மைக்கோரைசா என்பது பயிரின் வேரோடு கூடி வாழும் ஒரு பூசணம்; உயிருள்ள வேருக்குள் குடியேறினால்தான் அது வாழும். மக்காச்சோளம், வெங்காயம், பயறு வகைகள், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் வேர்கள் அதற்கு இடம் கொடுக்கும்; முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவை கொடுப்பதில்லை. ஆகவே கோஸும் பீட்ரூட்டும் மாறிமாறி வரும் தோட்டத்தில் இயற்கையாக இருந்த பூசணம் குறைந்துபோயிருக்க வாய்ப்புண்டு. அங்கே வெளியிலிருந்து இடுவதற்குப் பொருள் இருக்கிறது. முந்தைய வெள்ளாமை மக்காச்சோளமாக இருந்திருந்தால், காசைத் தொழு உரத்துக்குச் செலவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

டி.ஏ.பி.யைப் பாதியாகக் குறைப்பது பற்றி நிதானமாகச் சிந்திக்க வேண்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணுக்குள் மிக மெதுவாகவே நகரும். வேர் தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்குள் கிடைப்பதை எடுத்து முடித்ததும், எட்டாத தூரத்தில் சத்து இருந்தும் பயிர் வாடுகிறது. ஆழமாகவும் அடர்த்தியாகவும் வேர்விடாத உருளைக்கிழங்குக்கு இந்தக் குறை இன்னும் அதிகம். பூசண இழைகள் வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளிச் சென்று மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுத்து, பயிரிடமிருந்து சர்க்கரையையும் கொழுப்பையும் பெற்றுக்கொள்கின்றன. இருப்பதை எடுத்து வரும் வேலைதான் இது. இல்லாத மணிச்சத்தை எந்தப் பூசணமும் உண்டாக்காது. மறுபுறம், பல ஆண்டுகள் டி.ஏ.பி. கொட்டி மண்ணில் மணிச்சத்து மிகுந்திருந்தால், பயிர் பூசணத்துக்கு வேரில் இடம் கொடுப்பதையே குறைத்துவிடும். பைக்குக் கொடுத்த பணம் வீண். எனவே மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகே உரத்தைக் குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள். டி.ஏ.பி.யில் 46 விழுக்காடு மணிச்சத்தோடு 18 விழுக்காடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருப்பதால், அதைக் குறைத்தால் விடுபடும் தழைச்சத்தை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) கை வைக்காதீர்கள். கிழங்குக்கு அது மிகுதியாகத் தேவை.

மகசூல் கூடுமா என்றால், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 231 உருளைக்கிழங்கு வயல் சோதனைகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில், பூசணம் இட்ட வயல்களில் சராசரியாக 9.5 விழுக்காடு கூடுதல் மகசூல் கிடைத்திருந்தது. அது சராசரிதான், பலன் கிடைக்காத வயல்களும் அந்தக் கணக்கில் உண்டு. நம் மண்ணும் தட்பவெப்பமும் வேறு என்பதால், இரட்டிப்பு மகசூல் என்று அச்சிட்ட பையை வாங்காமல் விடுவதே நல்லது.

கேள்வி: மேட்டுப்பாளையத்துக் கடைகளில் ஒரே பெயரில் தூள், குருணை, திரவம் என்று பலவும் கிடைக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள பூசண அலகுகள் (வேரில் குடியேறக்கூடிய வித்து, இழைத்துண்டு போன்றவை) இருக்கின்றன என்று பையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் மைக்கோரைசா உயிர் உரத்துக்குக் கிராமுக்குக் குறைந்தது 100 என்று வரையறை இருக்கிறது. எண்ணிக்கையும், தொகுதி எண்ணும், தயாரித்த நாளும், காலாவதி நாளும் இல்லாத பையை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். பெயர் மைக்கோரைசாவாக இருந்து உள்ளே ஹியூமிக் அமிலமும் கடற்பாசிச் சாறும் பெரும்பங்காக இருக்கும் பைகளும் விற்கப்படுகின்றன. அவற்றால் இலை பச்சை பிடிப்பதைக் கண்டு பூசணம் வேலை செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வித்துகளையும் வேருக்குள் நடப்பதையும் நுண்ணோக்கியில்தான் காண முடியும். பையைத் திறந்ததும் வெள்ளை நூல்போல் படர்ந்திருப்பது தரத்துக்கு அடையாளம் அன்று. அது ஈரத்தில் வந்த வேறு பூஞ்சையாகவே இருக்கும்.

இலையில் தெளிக்கச் சொல்லும் எதையும் ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் பூசணம் வேரைத் தொட்டால்தான் பிழைக்கும். சொட்டுநீரில் விடச் சொன்னால், வித்துகள் வடிகட்டியில் தங்கிவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். விதைக்கிழங்குக்குச் சற்றுக் கீழே சாலில் இடுவதற்கேற்ற தூளோ குருணையோதான் உருளைக்கிழங்குக்குப் பொருந்தும். மண் அணைக்கும்போது இடுவது காலம் கடந்த செலவு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விற்கும் உயிர் உரங்களில் இதுவும் உண்டு. அங்கே 'வாம்' (மைக்கோரைசாவின் ஆங்கிலச் சுருக்கப் பெயர், VAM) என்று கேளுங்கள். எங்கு வாங்கினாலும், வெயிலில் காயும் தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்த பையை எடுக்காதீர்கள்.

கேள்வி: விதைக்கிழங்கைக் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியில் நனைத்து நடுவது எங்கள் வழக்கம். இதையும் சேர்த்து இடலாமா?

பதில்: கூடாது. கார்பன்டாசிம் இந்தப் பூசணத்தையும் முடக்கும். விதைக்கிழங்கு நோயற்றதாக இருந்தால் இந்த மருந்து நேர்த்தியைத் தவிர்க்கலாமா என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். நேர்த்தி கட்டாயம் என்றால் இந்த முறை மைக்கோரைசா வாங்க வேண்டாம்.

கேள்வி: போட்டும் பலனில்லை என்றால் கடைக்காரரிடம் பணம் கேட்க முடியுமா?

பதில்: விளைச்சல் குறைந்தது என்பது மட்டும் போதாது, பொருள் தரமற்றது என்று காட்ட வேண்டும். இதற்கான ஏற்பாட்டை நடவு நாளிலேயே செய்ய வேண்டும். ரசீது கேட்டு வாங்குங்கள். அதே தொகுதி எண் கொண்ட ஒரு பையைப் பிரிக்காமல் நிழலில் வையுங்கள். நான்கைந்து பார்களுக்கு (கிழங்கு நட்ட வரிசைகளுக்கு) மட்டும் பூசணம் இடாமல், மற்ற எல்லாவற்றையும் ஒன்றுபோல் செய்து, அறுவடையில் கிழங்கைத் தனியே எடை போடுங்கள். சந்தேகம் வந்தால் வேளாண் துறையின் உர ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருப்பதால், அந்த அடிப்படையில் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.